வாசகர் கேள்வி: 12 வயதுப் பேச்சும் 25 வயதுப் பேச்சும்

கேள்வி: திருகோணமலைக்கு அருகே நிலாவெளியில் பிறந்து வளரும் ஒரு மீனவச் சிறுவனின் 12 வயது முதல் 25 வயது வரையான வாழ்வை நாவலாக எழுதி வருகிறேன். கையெழுத்துப் பிரதியைப் படித்த தோழி, அவன் முதல் அத்தியாயத்தில் பேசியவாறே கடைசி அத்தியாயத்திலும் பேசுகிறான் என்கிறார். பிற்பகுதியில் இலக்கியத் தமிழையும் தொழிற்சொற்களையும் சற்றுக் கூட்டினால் அவனுடைய முதிர்ச்சி வெளிப்படுமா?
– வாசகி, உப்புவெளி

பதில்: வெளிப்படாது. இலக்கியத் தமிழைக் கொடுத்தால், பையன் பட்டிமன்றப் பேச்சாளனாகிவிட்டான் என்றே வாசகர் எண்ணுவார். தொழிற்சொற்களும் கைகொடுக்கப் போவதில்லை; வாடைக்காற்று எந்த மாதத்தில் எழும், சூடை மீன் எது, பாரை மீன் எது என்பதெல்லாம் அந்தக் கரையில் 12 வயதுப் பையனுக்கே அத்துபடியாக இருக்கும். அவற்றை 25 வயதுக்கென்று ஒதுக்கி வைத்தீர்களானால், திருகோணமலைக்காரர் எவரும் முதல் அத்தியாயத்தை நம்பமாட்டார்.

இத்தகைய நாவல்களில் நான் முதலில் கவனிப்பது வினைச்சொல்லைத்தான். ‘கிழிந்தது’ என்பதற்கும் ‘கிழித்தேன்’ என்பதற்கும் இடையே, பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகிற அந்தச் சிறு வேறுபாட்டுக்குள், ஒருவன் தன் பொறுப்பை ஒளித்துவைக்கவும் முடியும், ஒப்புக்கொள்ளவும் முடியும். தந்தையின் வலை கல்லில் சிக்கிக் கிழிந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். 12 வயதில் அவன், “வலை கிழிஞ்சு போச்சு அப்பா” என்பான். வலை தன்பாட்டில் கிழிந்துகொண்டதாகவே அவன் பேச்சு இருக்கும். 17 வயதில், “எல்லாம் என்னாலதான், நான் ஒண்டுக்கும் உதவமாட்டன்” என்று குமுறலாம். எழுதுபவர்கள் பலர் இதையே முதிர்ச்சி என்று மயங்கிவிடுகிறார்கள். உண்மையில் அவன் வலையை மறந்து தன்னைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறான். 25 வயதில், “கல்லுக் கிடக்கிற பக்கம் எண்டு தெரிஞ்சுதான் விட்டன். நாலு பாகம் கிழிச்சுப் போட்டன். நாளைக்குள்ள பொத்தித் தாறன்” என்று சொல்வானாயின், அதில் புதுச்சொல் ஒன்றுகூட இல்லாதபோதும், தவறும் அதன் அளவும் செய்ய வேண்டிய வேலையும் அவன் வாயாலேயே வந்துவிடுகின்றன.

‘ஒருநாளும்’, ‘எப்பவும்’, ‘எல்லாரும்’ போன்ற முழுவீச்சுச் சொற்களையும் வயது ஏற ஏறக் குறைத்துக்கொண்டு வாருங்கள். ஆனால் முற்றாக நீக்கிவிடாதீர்கள். தம்பியோடு கடுமையாக மோதும் ஓரிடத்தில் அவை திரும்பி வந்தால்தான் அவன் மனிதனாக இருப்பான்.

கேள்வி: அவனே தன் கதையைச் சொல்வதாக அமைத்தால்?
– அதே வாசகி

பதில்: சொல்பவனுக்கு எத்தனை வயது என்பதை முதலில் தீர்மானியுங்கள். 25 வயதில் திரும்பிப் பார்த்துச் சொல்கிறான் என்றால் உரையாடல் மட்டுமே சிறுவனுடையதாக இருக்கும். வர்ணனை முழுவதும் இளைஞனுடையது. நடக்கும்போதே சொல்கிறான் என்றால் வர்ணனையையும் சிறுவனின் வயதுக்கு இறக்கியாக வேண்டும்; அது நீண்ட நாவலுக்குத் தாங்காது என்பது என் எண்ணம்.