அறக்கட்டளை என்றால் அன்னதானம் மட்டும்தானா?

சென்னை அறக்கட்டளைகள் சாப்பாடு போடுவதைத் தவிர குழந்தைகளுக்கும் குடும்பங்களுக்கும் என்ன செய்கின்றன என்று கேட்டிருந்தீர்கள். அடையாறு அவ்வை இல்லத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவதாசி முறையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்குப் போக்கிடம் இல்லை என்பதால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1930-இல் தன் வீட்டிலேயே அவர்களைத் தங்கவைத்தார். அப்படித் தொடங்கியதுதான் பள்ளி, ஆசிரியர் பயிற்சி என்று வளர்ந்தது. படித்து வேலைக்குப் போகிற பெண் ஒரு குடும்பத்தையே தூக்கி நிறுத்துவாள்; எனக்குப் பிடித்த கணக்கு இது.

அப்புறம் ஒன்று. ஆதரவற்ற குழந்தையை எந்த இல்லமும் தன் இஷ்டத்துக்குச் சேர்த்துக்கொள்ள முடியாது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி குழந்தைகள் நலக் குழுதான் முடிவு செய்யும். அப்படி ஒரு குழந்தையைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள்.

நன்கொடையா? பழைய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அதற்கு வரிச் சலுகை உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கிடைக்காது.