அப்பாவும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை. நடுவில் நான் என்ன செய்வது?

கேள்வி: காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் இடையில் எங்கள் தோட்டம். கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தென்னையும், மாடு மேய்க்கும் கொறங்காடும் இருக்கின்றன. அப்பாவுக்கு வயது 71. தம்பி கடன் வாங்கிக் கூலிக்கு விசைத்தறி ஓட்டுகிறான். கொறங்காட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டுப் புதுத் தறி போடலாம் என்று கேட்டதிலிருந்து இருவருக்கும் ஆகவில்லை. மாரியம்மன் நோம்பிக்கு வந்த உறவுகளின் முன்னால் தம்பி, “அந்தக் காட்டையே கட்டீட்டு அழுங்க” என்று சொல்ல, அப்பா, “நீ எனக்குப் பையனே இல்லை” என்று சொல்லிவிட்டார். ஒரே வளவில் இருந்துகொண்டு இருவரும் எல்லாவற்றையும் என் மூலமாகவே சொல்லி அனுப்புகிறார்கள். இப்போது அப்பா காட்டை என் பெயருக்கு எழுதி வைப்பதாகச் சொல்கிறார். தம்பியோ, “அக்காதான் சொல்லிக் கொடுக்கிறாள்” என்கிறான். எனக்குப் பங்கு வேண்டாம் என்று விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டால் இருவரும் சமாதானம் ஆவார்களா?

– வாசகி, திருப்பூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, ஆகமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். உங்கள் கையெழுத்தால் தம்பியின் சந்தேகம் வேண்டுமானால் தீரலாம். தறிக் கடனும் தீராது, நோம்பியன்று ஊரார் முன் விழுந்த சொற்களின் காயமும் ஆறாது. பதிவு செய்துவிட்ட விடுதலைப் பத்திரத்தைப் பின்னர் மாற்ற நினைப்பது எளிதன்று. அதே காரணத்தால், கோபத்தில் இருக்கும் அப்பா எழுதித் தருவதாகச் சொல்வதையும் ஏற்காதீர்கள். அதை ஏற்ற நாளிலிருந்து தம்பியின் கண்ணில் நீங்கள் எதிர்க்கட்சியாகிவிடுவீர்கள்.

உங்களை இருவருக்கும் பொதுவான ஆள் என்று நீங்கள் கருதுகிறீர்கள். உண்மையில் நீங்களும் பங்குக்கு உரியவராக இருக்கலாம். நிலம் பூர்விகச் சொத்தாக இருந்தால், தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதற்கும் 2005-இலும் வந்த சட்டத் திருத்தங்களால் மகளுக்கும் மகனுக்கு இணையான பங்கு உண்டு. அந்த உரிமை பிறப்பிலேயே வருகிறது என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்பா தம் உழைப்பில் வாங்கிய நிலமாக இருந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்பது முழுக்க அவருடைய விருப்பம். இரண்டில் எது என்பதை மூலப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டி முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு உங்கள் மனத்தில் உள்ளதை, பங்கு வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும், இருவரிடமும் ஒரே சொற்களில் சொல்லிவிடுங்கள். ஆசையை மறைத்துக்கொண்டு நாயம் பேச வருகிறவரை எந்த வீட்டிலும் நம்பமாட்டார்கள்.

அடுத்து, தூது போவதை நிறுத்துங்கள். இதைத்தான் நான் மிகவும் வலியுறுத்துகிறேன். ஒருவர் கோபத்தில் சொன்னதை நீங்கள் எவ்வளவு மென்மையாக்கிக் கொண்டுபோனாலும், அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து வந்ததாகவே மற்றவர் மனத்தில் பதிகிறது. மேலும், நீங்கள் இருக்கும் வரை அவர்கள் நேரில் பேச வேண்டிய தேவையே எழுவதில்லை. உடல்நலம், மருந்து தவிர வேறு எதையும் கொண்டுபோக மாட்டேன் என்று அன்போடு சொல்லிவிடுங்கள். சில வாரங்கள் இருவருமே உங்கள் மீது வருத்தப்படுவார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பியிடம் தனியாக அமர்ந்து, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, நெசவுக் கூலியில் மின் கட்டணமும் ஆள் சம்பளமும் போக என்ன மிஞ்சுகிறது என்று தாளில் எழுதச் சொல்லுங்கள். கூலி உயர்வுக்காக நம் பகுதி விசைத்தறியாளர்கள் திரும்பத் திரும்பப் போராட வேண்டியிருக்கிற நிலையில், அவனுடைய நெருக்கடியைப் பேராசை என்று ஒதுக்கிவிட முடியாது. அப்பாவிடம் “ஏன் கொடுக்க மாட்டேன் என்கிறீர்கள்” என்று கேட்காமல், “காடு போய்விட்டால் உங்களுக்கு என்ன ஆகும் என்று நினைக்கிறீர்கள்” என்று கேளுங்கள். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகத் தலைமுறைகளாகக் காத்துவந்த கொறங்காடு காங்கேயம் மாடு வளர்ப்பவருக்கு வெறும் மேய்ச்சல் நிலமன்று. மாடும் காடும் போனபின் மகன் வீட்டில் தமக்கு என்ன மதிப்பு இருக்கும் என்கிற அச்சம் அவருக்கு இருக்கலாம். அதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்க வேண்டும்.

பேச்சு நடத்த உங்கள் கணவரை அனுப்பாதீர்கள். மாப்பிள்ளை உள்ளே வந்தால் விஷயம் சம்பந்தி வீட்டு வழக்காகிவிடும். தாய்மாமன் இருந்து, அவர் சொல்லுக்கு இருவரும் கட்டுப்படுவார்கள் என்றால், அவரே பொருத்தமானவர். பங்காளிகளைக் கூட்ட வேண்டாம், ஏனெனில் இந்தப் புண்ணே பலர் முன்னால் பட்ட புண். நிலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் தம்பி தான் சொன்ன சொல்லுக்கு வருத்தம் தெரிவிக்கட்டும். அவன் இளையவன், முதலில் சொன்னவனும் அவனே. அப்பா பதிலுக்கு எதுவும் சொல்லாமல் இருந்தாலும் அதைக் குறையாக எடுக்க வேண்டாம் என்று அவனிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

அதன் பிறகு வழிகள் பல இருக்கின்றன: காட்டில் ஒரு பகுதியை மட்டும் விற்றுக் கடனை அடைக்கலாம், புதுத் தறியைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடலாம். தம்பி பெயருக்கு எதையாவது எழுதுவதானால், பெற்றோரைக் கடைசி வரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதியிருந்து அவன் தவறினால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவின்படி அந்தப் பத்திரத்தைச் செல்லாததாக்கக் கோரி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அப்பா மனுச் செய்யலாம். அம்மாவின் கருத்தையும் கேளுங்கள். உங்கள் கடிதத்தில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாமன் பேசியும் ஆகவில்லையென்றால், வழக்குப் போடுவதற்கு முன் திருப்பூர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், உங்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாகி எழுதப்படும் தீர்வுக்கு நீதிமன்றத் தீர்ப்பின் வலு உண்டு, அதன்மேல் மேல்முறையீடும் இல்லை. ஆகவே ஒவ்வொரு வரியையும் மூவரும் படித்துப் புரிந்துகொண்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள். அதுவரை எந்தத் தாளிலும், யார் வற்புறுத்தினாலும், கையெழுத்துப் போடாதீர்கள்.