டிஎம்ஏ டிரைவரில் இன்டரப்ட்டா, போலிங்கா? ரெண்டும் வேண்டும், மாறும் இடத்தில்தான் சிக்கல்

பிசிஐஇ அட்டையில் இருக்கும் டிஎம்ஏ எஞ்சினுக்கு (சிபியூ உதவி இல்லாமலே மெமரியில் தரவை நகர்த்தும் பகுதி) லினக்ஸ் டிரைவர் எழுதுகிறீர்கள், 4 கேபியிலிருந்து 4 எம்பி வரை எல்லா அளவிலும் காப்பி வருகிறது. இன்டரப்ட் (வேலை முடிந்ததும் அட்டை சிபியூவைக் கூப்பிடுவது) மட்டும் வைத்தால் சின்ன காப்பிகள் மெதுவாகின்றன, போலிங் (முடிந்ததா என்று சிபியூவே திரும்பத் திரும்பப் பார்ப்பது) மட்டும் வைத்தால் ஒரு கோர் முழுக்க அதிலேயே போகிறது, ரெண்டையும் கலந்தால் எப்போதாவது ஒரு காப்பி முடியாமலேயே தொங்கி நிற்கிறது, எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கலப்பதுதான் சரி. தொங்குவதற்குக் காரணம், பெரும்பாலும், போலிங்கை முடித்துவிட்டு இன்டரப்ட்டுக்குத் திரும்பும் அந்த ஒரு இடம்.

முதலில் அளவு. பிசிஐஇ 3.0, எட்டு லேன் என்றால் உச்சபட்சம் வினாடிக்கு 7.9 ஜிபிக்குப் பக்கம். அந்தக் கணக்கில் 4 கேபி போக அரை மைக்ரோ வினாடி, 4 எம்பி போக அரை மில்லி வினாடிக்குக் கொஞ்சம் மேல். இன்டரப்ட் வந்து, ஹேண்ட்லர் ஓடி, தூங்கும் த்ரெட்டை எழுப்பி, அது மறுபடி சிபியூவில் ஏறுவதற்குள் சில மைக்ரோ வினாடிகள் போய்விடும். ஆக 4 கேபிக்கு இன்டரப்ட் வைத்தால் காப்பி நேரத்தைவிடக் காத்திருப்பு நேரமே அதிகம். 4 எம்பிக்கு விடாமல் போலிங் செய்தால் ஒரு கோரை அத்தனை நேரம் வீணாகப் பிடித்துவைக்கிறீர்கள். எந்த அளவில் மாறுவது என்பதை உங்கள் மெஷினில் அளந்து பாருங்கள், மாட்யூல் பாராமீட்டராக வெளியே விட்டுவிடுங்கள்.

அப்புறம், போலிங்கில் எதைப் பார்க்கிறீர்கள்? அட்டையின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைச் சுற்றிச் சுற்றிப் படித்தால் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸைக் கடந்து போய்த் திரும்பி வர வேண்டும், பதில் வரும்வரை சிபியூ நிற்கும். அதற்குப் பதிலாக, முடிந்த தகவலை எஞ்சினே மெமரியில் இருக்கும் டிஸ்கிரிப்டரில் (ஒரு காப்பியின் விவரம் இருக்கும் பதிவு) எழுதும்படி வையுங்கள். அந்த மெமரி கோஹெரன்ட்டாக (சிபியூவும் அட்டையும் ஒரே மதிப்பைப் பார்க்கும்படி) ஒதுக்கியதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சில ஏஆர்எம் போர்டுகளில் கேச்சில் கிடக்கும் பழைய மதிப்பையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முடிந்துவிட்டது என்ற பிட்டைப் படித்த பிறகு, மற்றதைத் தொடும் முன், ஒரு டிஎம்ஏ ஆர்எம்பி பேரியர் (dma_rmb, படிக்கும் வரிசை மாறாமல் காக்கும் தடுப்பு) கட்டாயம். எக்ஸ்86-இல் அது கம்பைலருக்கான தடுப்பு மட்டும்தான், அதனால் விட்டாலும் அங்கே பெரும்பாலும் ஓடிவிடும், ஏஆர்எம்64-இல் மாட்டும்.

சரி, தொங்கும் விஷயத்துக்கு வருவோம். நெட்வொர்க் டிரைவர்களின் நாப்பி (NAPI) முறை போல, ஹேண்ட்லர் வந்ததும் இன்டரப்ட்டை மாஸ்க் செய்கிறீர்கள் (தற்காலிகமாக அடைக்கிறீர்கள்), டிஸ்கிரிப்டர்களின் வட்ட வரிசையான ரிங்கை போல் செய்து காலி செய்கிறீர்கள், ஒன்றுமில்லை என்றதும் மாஸ்க்கை எடுக்கிறீர்கள். கடைசியாக ரிங்கைப் பார்த்ததற்கும் மாஸ்க்கை எடுத்ததற்கும் நடுவில் ஒரு காப்பி முடிந்தால்? நல்ல ஹார்ட்வேர் அதை நினைவில் வைத்திருந்து, மாஸ்க் எடுத்தவுடன் இன்டரப்ட் அனுப்பும். ஆனால் காப்பி முடியும் கணத்தில் மட்டும் எம்எஸ்ஐ (மெமரி ரைட்டாகப் போகும் இன்டரப்ட் செய்தி) அனுப்பும் எஞ்சின்களும் இருக்கின்றன, அவற்றில் மாஸ்க் இருந்தால் அந்தச் செய்தி போனது போனதுதான். அடுத்த காப்பி வந்தால்தான் விழிப்பு வரும், அடுத்தது வராவிட்டால் தொங்கல்.

தீர்வு, மாஸ்க்கை எடுத்த பிறகு இன்னொரு தடவை ரிங்கைப் பார்ப்பது. இது பலருக்கும் தெரியும், ஆனால் அது மட்டும் போதாது. நீங்கள் செய்யும் ரெஜிஸ்டர் ரைட் உடனே அட்டைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று உத்தரவாதம் இல்லை, சிபியூ அதை அனுப்பிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அது வழியில் இருக்கும்போதே நீங்கள் ரிங்கைப் பார்த்து முடித்து, அதற்கப்புறம், ஆனால் ரைட் சேரும் முன், காப்பி முடிந்தால் பழைய கதைதான். அதனால் மாஸ்க் எடு, அதே ரெஜிஸ்டரை ஒரு தடவை திருப்பிப் படி, பிறகு ரிங்கைப் பார். அந்த ஒரு ரீட் ரெண்டு வேலை செய்கிறது: உங்கள் ரைட்டை அட்டைவரை தள்ளிவிடுகிறது, அதோடு, ரிலாக்ஸ்டு ஆர்டரிங் (வரிசை விதியைத் தளர்த்தும் அமைப்பு) போடாத வரை, ரீடின் பதில் அட்டை அதற்கு முன் அனுப்பிய மெமரி ரைட்டுகளைத் தாண்டி வராது, அதனால் அதுவரை முடிந்தவை எல்லாம் ரிங்கில் தெரியும். மாறும்போது ஒரு தடவைதானே, அந்தச் செலவு பரவாயில்லை.

எழுதினால் அழியும் வகை ஸ்டேட்டஸ் பிட் இருந்தால், முதலில் அழியுங்கள், பிறகு ரிங்கைப் பாருங்கள். மாற்றிச் செய்தால் நடுவில் வந்த புது நிகழ்வையும் சேர்த்து அழிப்பீர்கள்.

கலக்கும்போது மட்டும் வரும் இன்னொன்று உண்டு. போலிங் ரிங்கை முன்னாலேயே காலி செய்திருக்கும், தாமதமாக வரும் இன்டரப்ட்டுக்கு ஹேண்ட்லரில் வேலை இருக்காது, ரிங் காலி என்பதால் 'என்னுடையது இல்லை' என்று திருப்பி அனுப்புவீர்கள். 1,00,000 இன்டரப்ட்டில் 99,900-க்கு மேல் இப்படிப் போனால் கெர்னல் 'நோபடி கேர்டு' என்று லாகில் எழுதிவிட்டு அந்த லைனையே மூடிவிடும். உங்களுடையதா இல்லையா என்பதை ஸ்டேட்டஸ் பிட்டை வைத்து முடிவு செய்யுங்கள், ரிங்கில் வேலை மிச்சம் இருக்கிறதா என்பதை வைத்து வேண்டாம்.

கெர்னலில் டிஎம்ஏ டிரைவர்களுக்குப் பொதுவான டிஎம்ஏஎஞ்சின் சப்சிஸ்டத்தில் பதிவு செய்கிறீர்கள் என்றால், நிலையைக் கேட்கும் ஃபங்ஷனுக்குள் ஹார்ட்வேரையே பாருங்கள். ஹேண்ட்லர் மாற்றிவைக்கும் மாறியை மட்டும் அங்கே திருப்பித் தந்தால், இன்டரப்ட்டை அணைத்துவிட்டு அதே கோரில் போல் செய்யும் எவருக்கும் பதில் வரவே வராது.

டைம்அவுட் ஆனதும் உடனே தோல்வி என்று சொல்லாமல் கடைசியாக ஒரு தடவை நிலையைப் பாருங்கள், உங்கள் த்ரெட்டுக்கே சிபியூ கிடைக்காமல் நேரம் போயிருக்கலாம். உண்மையிலேயே முடியவில்லை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, நின்றதை உறுதி செய்த பிறகுதான் பஃபரை விடுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாருக்கோ போன பக்கத்தில் அட்டை எழுதும்.

மெம்காப்பி வசதியைப் பதிவு செய்திருந்தால் கெர்னலோடு வரும் டிஎம்ஏடெஸ்ட் மாட்யூலில் போல்டு என்ற பாராமீட்டர் உண்டு, ரெண்டு வழியையும் அதிலேயே சோதிக்கலாம். அடுத்த தடவை தொங்கும்போது ப்ராக் இன்டரப்ட்ஸ் (/proc/interrupts) கோப்பில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் நிற்கிறது, ஆனால் டிஸ்கிரிப்டரில் முடிந்த பிட் விழுந்திருக்கிறது என்றால், மேலே சொன்ன இடம்தான். பிட்டும் விழவில்லை என்றால் எஞ்சினே நின்றுவிட்டது, அதன் எரர் ரெஜிஸ்டரில் இருக்கும் மதிப்பைக் கமென்டில் போடுங்கள், பார்க்கலாம்.