நேரடிக் கற்பித்தல்: ஆசிரியர்கள் கேள்வி, பதில்

(நேரடிக் கற்பித்தல்: ஆசிரியர் முதலில் செய்துகாட்டி, பிறகு சேர்ந்து செய்து, கடைசியில் பிள்ளைகளைத் தனியாகச் செய்யவிடும் முறை.)

மேலூர்: மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தலை போர்டில் நன்றாகத்தான் விளக்குகிறேன். ஆனாலும் 52−27க்குப் பாதிப்பேர் 35 போடுகிறார்கள்.

7−2, 5−2 என்று பெரிய இலக்கத்தில் சின்னதைக் கழிக்கிறார்கள். இது கவனக்குறைவு இல்லை, தப்பான விதி ஒன்று பிடிபட்டுவிட்டது. முதலில் மூன்று கணக்கை நீங்களே வாய்விட்டு யோசித்தபடி போடுங்கள்: "2-ல் 7 போகாது. 5 பத்தில் ஒன்றை எடுத்தால் மீதி 4 பத்து, இங்கே 12. 12-ல் 7 போக 5." அதுவரை யாரும் பென்சிலைத் தொட வேண்டாம். அடுத்த நாலைந்து கணக்கு சேர்ந்து. ஒவ்வொரு படியிலும் நிறுத்தி, அந்தப் படியை மட்டும் சிலேட்டில் எழுதவைத்து, ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். பத்துக்கு எட்டுப் பேர் சரியென்றால்தான் தனியாகப் போட விடலாம். நடுவே 58−23 மாதிரி கடன் தேவைப்படாததையும் கலந்துவிடுங்கள். இல்லாவிட்டால் எல்லாவற்றுக்கும் கடன் வாங்குவார்கள்.

"புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "புரிஞ்சுது டீச்சர்" என்று ராகம்தான் வரும்.

உசிலம்பட்டி: சிலேட்டு இல்லையே சார்?

காலண்டர் அட்டைமேல் கண்ணாடி பாலித்தீன் ஒட்டுங்கள். போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம்.

திருமங்கலம்: நேரடிக் கற்பித்தலில் எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வது பழைய மனப்பாடம்தானே? பிள்ளைகள் தாமே செய்து கற்கும் செயல்வழிக் கற்றல் வந்தபோது இதைத்தானே விட்டோம்?

ஒப்பிப்பது வேறு, இது வேறு. கேள்வி, மூன்று விநாடி மௌனம், உங்கள் கை சைகை, பிறகே பதில். மௌனத்தை விட்டால் முன்வரிசை நாலு பேர் சொல்ல, மற்றவர்கள் வாயசைப்பார்கள். ஒரே சொல்லில் பதில் உள்ள கேள்விக்குத்தான் இது. "ஏன்" என்றால் கேள்வியை முடித்தபின் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

மீண்டும் திருமங்கலம்: அப்படியானால் பிள்ளைகள் தானாகக் கண்டுபிடிக்கவே வேண்டாமா?

அமெரிக்காவில் 1968-ல் தொடங்கிய ஃபாலோ த்ரூ திட்டம் பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்டது. அடிப்படைத் திறனில் மட்டுமல்ல, தன்மதிப்பு அளவீட்டிலும் அமெரிக்கக் கல்வியாளர் எங்கல்மனின் நேரடிக் கற்பித்தல் முறை முன்னே நின்றது. ஒரே முறை ஊருக்கு ஊர் வேறு பலன் தந்ததே என்ற விமர்சனமும் உண்டு, அது நியாயம்தான். கண்டுபிடிப்பதை யாரும் தடுக்கவில்லை, கழித்தல் கைவந்த பிறகு வையுங்கள். 52−27க்கு, 52-ல் 30 கழித்து 3 கூட்டுகிற பிள்ளை அப்போது தானே வரும்.

பேரையூர்: புரிந்தது என்கிறார்கள், பரீட்சையில் தெரியவில்லை.

மேலூருக்கு எழுதியதைப் படியுங்கள். சிலேட்டு!

வாடிப்பட்டி: எங்கள் பிள்ளைகளும் புரிந்தது என்றே...

மேலே. இரண்டு முறை சொல்லியாயிற்று.

ஒத்தக்கடை: நீட் பயிற்சிக்கு இது உதவுமா?

என் எல்லை தொடக்கப் பள்ளி. பாட ஆசிரியரைக் கேளுங்கள்.

கொட்டாம்பட்டி: ஈராசிரியர் பள்ளி. மூன்றும் நாலும் ஒரே அறையில்.

ஒரு வகுப்பு தனியாகப் போடும் 15 நிமிடம்தான் அடுத்த வகுப்புக்கு உங்கள் விளக்கம். இரண்டுக்கும் ஒரே நாளில் புதுப் பாடம் தொடங்காதீர்கள்.