பாலையில் பழம் உண்டா?

கேள்வி: சென்ற இதழின் வன்னிப் பயணக் கட்டுரையில் ‘வழியோரத்தில் பாலைப்பழம் வாங்கித் தின்றோம்’ என்று ஒரு வரி. பாலை என்றால் வெட்பாலை, குடசப்பாலை. மருந்துக்கு ஆகும் மரங்கள். அவற்றில் தின்கிற பழம் ஏது? வட்டாரத்துக்கு ஒரு பெயரை அச்சிட்டுக் குழப்புவதற்குப் பதில், எல்லா மரத்துக்கும் அறிவியல் பெயரை மட்டும் போட்டால் என்ன?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பழம் உண்டு. அந்த வரியில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

இலங்கையின் வடபகுதியான வன்னியில் ‘பாலை’ என்று வெறுமனே சொன்னால் அது ஒரே மரத்தைத்தான் குறிக்கும். சப்போட்டா, இலுப்பை, மகிழம் எல்லாம் இருக்கிற குடும்பம் அது. மழை குறைந்த காட்டில் நின்றாலும் கோடையில் மொட்டையாகாது, ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும். பழம் வேப்பம்பழம் அளவுதான். மஞ்சள் நிறம், நல்ல இனிப்பு. நாலு கை அள்ளித் தின்றால் பால் பிடித்து உதடு ஒட்டிக்கொள்ளும். வன்னியில் பிள்ளைப்பருவம் கழித்த யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், பழத்தின் ருசியையும் ஒட்டிய உதட்டையும் சேர்த்தே சொல்வார்கள். சிங்களத்தில் இதற்குப் பெயர் ‘பலு’. யால, வில்பத்து காடுகளில் இது பழுக்கிற காலத்தில் கரடிகள் மரமேறி உட்கார்ந்து தின்னும். திருகோணமலைப் பக்கம் பாலையூற்று, மட்டக்களப்புப் பக்கம் பாலையடிவட்டை என்று ஊர்ப் பெயர்களிலும் பாலை இருக்கிறது. இவ்வளவு வேரோடிய சொல்லை ‘வட்டாரக் குழப்பம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, அது இலங்கை வழக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. கடலுக்கு இந்தப் பக்கம், வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரைக் காட்டில் நிறைந்து நிற்பதும் இதே மரம்தான். அங்கே பழத்தைப் ‘பாலாப்பழம்’ என்பார்கள். சப்போட்டா ஒட்டுக் கட்டுகிற நாற்றங்காலில் வேர்ச்செடிக்குப் பெயர் ‘பாலா’. அதுவும் இதே மரத்தின் கன்றுதான். நீங்கள் சந்தையில் வாங்குகிற சப்போட்டாவே இந்தப் பாலையின் வேரில் நின்று காய்த்ததாக இருக்கலாம். மற்றப் பாலைகளிலிருந்து பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் நம்மவர்கள் ‘உலக்கைப் பாலை’ என்றார்கள். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற அளவுக்குக் கனத்த கட்டை, உலக்கைக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஒரு ஊரில் அதிகம் புழங்குகிற பொருளுக்கு அடைமொழி தேவைப்படாது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் ‘ரெண்டு பழம் குடுங்க’ என்றால் கடைக்காரர் எந்தப் பழம் என்று கேட்கிறாரா? வாழைப்பழத்தைத்தான் பிய்த்துத் தருகிறார். வன்னிக்காரருக்குப் பாலை அப்படி. உங்கள் பக்கத்தில் வெட்பாலை அப்படி இருக்கலாம். இரண்டும் சரி.

இனி அறிவியல் பெயர். 1795இல் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் இந்த மரத்தை மகிழ மரத்தின் பேரினத்தில் சேர்த்து ‘மிமுசாப்ஸ் ஹெக்ஸாண்ட்ரா’ என்றார். 1915இல் டுபார்ட் என்ற இன்னொரு தாவரவியலாளர் அதை ‘மணில்காரா’ என்ற பேரினத்துக்கு மாற்றினார். அதாவது அந்தப் பெயரும் இடம் மாறியதுதான். மணில்காரா என்ற சொல் எங்கிருந்து வந்தது? 17ஆம் நூற்றாண்டில் மலபாரில் இருந்த டச்சு அதிகாரி வான் ரீட், ஊர் மக்களிடமும் வைத்தியர்களிடமும் கேட்டுத் தொகுத்த மலையாள மரப் பெயர்களில் ஒன்று அது. ஐரோப்பியத் தாவரவியலாளர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மகிழத்தின் அறிவியல் பெயரில் வரும் ‘எலெங்கி’யும் மலையாளத்து இலஞ்ஞிதான். வட்டாரப் பெயரை விலக்கிவிட்டு அறிவியல் பெயரை வையுங்கள் என்கிறீர்கள். நீங்கள் கேட்கிற பெயரையே ஏதோ ஒரு மலபார்க் கிராமத்துக்காரர்தான் வாயால் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

ஆனால் உங்கள் கவலை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். மருந்து என்று வரும்போது நீங்கள் சொல்வதுதான் நியாயம். குடசப்பாலைப் பட்டை வயிற்றுப்போக்குக்கும் சீதபேதிக்கும் தருவது. வெட்பாலை இலை, தோல் நோய்க்கான எண்ணெய்க்குப் போவது. பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் குடசப்பாலைப் பட்டையோடு வெட்பாலைப் பட்டையைக் கலந்து விற்பது பழைய தொல்லை. ஏழிலைப்பாலை வேறு இருக்கிறது, அதன் பட்டையும் மருந்துக் கடைக்கு வருகிறது. இங்கே ‘பாலைப் பட்டை’ என்று மொட்டையாக எழுதினால் தின்கிறவர் உடம்போடு விளையாடுவதாகும். நம் மருத்துவப் பக்கத்திலும் முன்பு ஒருமுறை அப்படி வந்துவிட்டது. பார்க்காமல் விட்டது என் பிழை. இனி அந்தப் பக்கத்தில் எந்தப் பாலையும் முழுப்பெயரும் அறிவியல் பெயரும் இல்லாமல் அச்சேறாது.

பயணக் கட்டுரைக்கு அந்த விதி வராது. வழியோரத்தில் விற்றவர் ‘பாலைப்பழம்’ என்று சொல்லித்தான் கொடுத்தார், கட்டுரையாளர் கேட்டதை எழுதினார். அதன்மேல் ‘மணில்காரா ஹெக்ஸாண்ட்ராப் பழம் வாங்கித் தின்றோம்’ என்று நான் திருத்தியிருந்தால், அந்த வன்னி மனிதரையே பக்கத்திலிருந்து வெளியே அனுப்பியது போலாகியிருக்கும்.

கோடை முடிகிற சமயத்தில் வேதாரண்யம் பக்கம் போனால் நீங்களும் ஒரு கை வாங்கித் தின்று பாருங்கள். அங்கே பாலாப்பழம் என்று கேட்க வேண்டும்.