நிலவறை வேணுமா? முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்

கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார்: “1992-ல் கட்டிய ஒற்றைத் தள தார்சு (கான்கிரீட் கூரை) வீடு. மகன் வீட்டிலிருந்தே வேலை பார்க்க 12-க்கு 12-ல் ஒரு ரூம் வேண்டும். கொத்தனார் மாடியில் எழுப்பலாம் என்கிறார். அப்பாவோ, குளுகுளுன்னு இருக்கும், நிலவறையாகத் தோண்டுங்கப்பா என்கிறார். பக்கத்தில் தடப்பள்ளி வாய்க்கால். எது சரி?”

மாடிதான். ஆனால் கொத்தனார் மனதில் வைத்திருக்கும் மாடி அல்ல.

உங்கள் வீட்டுக் கிணற்றையோ பக்கத்துக் கிணற்றையோ வாய்க்காலில் தண்ணீர் ஓடும்போது எட்டிப் பாருங்கள். உங்கள் பக்கத்து இன்னொரு பாசன வாய்க்காலான கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடக் கூடாதென்று ஒரு தரப்பு விவசாயிகள் அத்தனை போராடியது எதற்கு? கசிவு நீர்தான் கிணறுகளை நிரப்புகிறது. அதே கசிவு உங்கள் நிலவறையையும் விடாது. கிணற்றில் தண்ணீர் 5 அடியில் நிற்கிறது, நிலவறைத் தரை 9 அடியில் இருக்கிறது என்று வையுங்கள். 4 அடித் தண்ணீர் சதுர அடிக்கு 110 கிலோவுக்கு மேல் அந்தத் தரையை மேல்நோக்கித் தள்ளும். அரை அடிக் கான்கிரீட் தரையின் எடையோ 35 கிலோதான். அடியில் கம்பி கட்டி, சுவரோடு பிணைத்து, தண்ணீர் புகாத தொட்டி மாதிரி கட்டினால்தான் தாங்கும். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் உள்ளே இருக்கும், இதில் வெளியே. வேலை அதைவிடக் கஷ்டம்.

இன்னொன்று, உங்கள் கடக்கால் (அஸ்திவாரம்) 4 அடி ஆழத்தில் முடிந்திருக்கலாம். அதன் ஓரத்தில் 9 அடி தோண்டினால் சுவருக்கு அடியில் இருக்கும் மண்ணே சரியும். காங்கேயம் பக்கத்து மேட்டு நிலமாக இருந்தால் தண்ணீர்ப் பயம் குறைவு. அங்கே பாறை வந்து வழி மறிக்கும். (நம்மூர்க் கொத்தனாரிடம் நிலவறையை ‘பேஸ்மட்டம்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தரைக்கு மேலே எழுப்பும் மட்டத்தைத்தான் அவர் நினைப்பார்.)

சரி, மாடிக்கு வருவோம். 9 அங்குலச் செங்கல் சுவர், மேலே 5 அங்குலத் தார்சு என்றால் அந்த ஒரு ரூம் மட்டும் சுமார் 24 டன். ஒற்றைத் தளத்துக்கென்று போட்ட கடக்கால் மேல் இதை ஏற்றுமுன், வெளிச்சுவர் ஓரம் இரண்டு இடத்தில் சோதனைக் குழி போட்டு, அகலம், ஆழம், அடிமண் மூன்றையும் இன்ஜினியர் கண்ணால் பார்க்க வேண்டும். கரிசல் மண் தெரிந்தால் யோசிக்கவே வேண்டும். கோடையில் சுருங்கி, மழையில் உப்பும்.

என் யோசனை: 6 அங்குல ஏஏசி பிளாக் (காற்றறைகள் கொண்ட எடை குறைந்த கான்கிரீட் கல்) சுவர், மேலே இரும்புச் சட்டத்தில் பஃப் பேனல் (இரண்டு தகடுகளுக்கு நடுவே வெப்பம் தடுக்கும் நுரை வைத்த பலகை) கூரை. பூச்சோடு சேர்த்து 7 டன்னுக்குள் முடியும். கீழே சுவர் இருக்கும் இடத்தில்தான் மேலேயும் சுவர் வர வேண்டும்; தார்சின் நடுவில் வைத்தால் விரிசல் நிச்சயம். வெறும் தகரக் கூரை வேண்டாம், சித்திரையில் மகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடி வந்துவிடுவான். மேற்கில் பெரிய ஜன்னலும் வேண்டாம். படி வெளியே இருந்தால் வீட்டுக்குள் இடம் போகாது. நகராட்சியில் வரைபட அனுமதி வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

ரூமை அப்பா படுக்கும் அறைக்கு நேர் மேலே அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தத் தார்சில் வெயில் நேரே விழாது; அவர் கேட்ட குளிர்ச்சியில் பாதியாவது தோண்டாமலே கிடைத்துவிடும்.