எரிபொருள் செல் சவ்வும் புரோட்டான் ஓட்டமும்: கேள்வி பதில்

கேள்வி: நாஃபியான் 212 (எரிபொருள் செல்லில் புரோட்டானைக் கடத்தும் பாலிமர் சவ்வு) துண்டின் கடத்துதிறனை நாலு முனை முறையில் (வெளி முனை இரண்டில் மின்னோட்டம், உள் முனை இரண்டில் மின்னழுத்தம்) அளந்தேன். நீரில் ஊறிய நிலையிலும் 0.04 சீமென்ஸ்/செ.மீ. தாண்டவில்லை. சவ்வு கெட்டுப்போச்சா?

பதில்: கெட்டிருக்காது. உப்பு ஏறியிருக்கும். குழாய்த் தண்ணீர் பட்டால் கால்சியமும் சோடியமும், புரோட்டான் இருக்கவேண்டிய இடத்தில், சவ்வின் சல்ஃபோனிக் அமிலக் குழுக்களில் ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவ, 80 டிகிரி செல்சியஸில் ஒவ்வொன்றிலும் ஒரு மணி நேரம் வையுங்கள்: 3% ஹைட்ரஜன் பெராக்சைடு, அயனி நீக்கிய நீர், 0.5 மோலார் சல்ஃபியூரிக் அமிலம், மறுபடி நீர். பிளாஸ்டிக் இடுக்கியால்தான் பிடிக்கணும், இரும்பு அயனி புகுந்தால் பின்னால் பெராக்சைடோடு சேர்ந்து சவ்வின் பாலிமர் சங்கிலியையே அரிக்கும்.

கணக்கையும் பாருங்கள். உள் முனைகளுக்கு நடுவே 1 செ.மீ., அகலம் 1 செ.மீ., தடிமன் 50 மைக்ரான் என்றால் 2000 ஓம் வந்தால்தான் 0.1 சீமென்ஸ்/செ.மீ. ஊறிய சவ்வு வீங்கும், அதனால் அகலத்தையும் தடிமனையும் ஈரத்திலேயே அளக்கணும்.

கேள்வி: சவ்வு காய்ந்தால் கடத்துதிறன் ஏன் விழுகிறது?

பதில்: பாலிமரின் டெஃப்லான் மாதிரியான முதுகெலும்பு (நடுச் சங்கிலி) நீரை ஒதுக்கும், சல்ஃபோனிக் முனைகள் இழுக்கும். இந்த இழுபறியில் சில நானோமீட்டர் அகல நீர்ப்பாதைகள் உருவாகின்றன. நீரில் முக்கினால் ஒரு சல்ஃபோனிக் குழுவுக்குச் சுமார் 22 நீர் மூலக்கூறு, நிறைவுற்ற ஆவியில் 14. இரண்டு மூன்றாகக் குறைந்தால் பாதைகள் துண்டாகி, புரோட்டான் சல்ஃபோனிக் குழுவை விட்டு நகராது. பாதை வட்டக் கொத்தா உருளையா என்ற விவாதம் 1980களிலிருந்து ஓடுகிறது. செல் கட்டுபவருக்கு முக்கியம் அவை தொடர்ந்து இணைந்திருப்பதே.

கேள்வி: தடித்த நாஃபியான் 117ஐவிட மெல்லிய நாஃபியான் 211 நன்றாகக் கடத்துமா?

பதில்: பொருளின் கடத்துதிறன் ஏறக்குறைய ஒன்றே. மாறுவது தடிமன். 117இன் 183 மைக்ரானில் மின்தடை 0.18 ஓம்.செ.மீ², அதாவது 1 ஆம்பியர்/செ.மீ² ஓட்டத்தில் 0.18 வோல்ட் போய்விடும். 211இன் 25 மைக்ரானில் 0.025 வோல்ட்தான். ஆனால் மெல்லியதில் ஹைட்ரஜன் கசிவு கூடும், ஊசித்துளை சீக்கிரம் விழும்.

கேள்வி: அமிலக் குழுக்களைக் கூட்டினால்?

பதில்: சமான எடை (ஒரு மோல் அமிலக் குழுவுக்கு எத்தனை கிராம் பாலிமர்) 1100 என்றால் கிராமுக்கு 0.91 மில்லிமோல் அமிலக் குழு. 800க்கு இறக்கினால் 1.25. வறண்ட வாயுவில் நன்மை தெரியும், ஆனால் நீரில் ஊதிப்பெருத்து, ஈரம் ஏறி இறங்கும்போது ஓரத்தில் கிழியும். அதற்குத்தான் நடுவே நுண்துளை டெஃப்லான் வலை வைக்கிறார்கள். வலைக்குள் அமிலம் இல்லாத இடம் கடத்தாது, எனவே வலை மெல்லியதாக இருக்கணும்.

கேள்வி: புரோட்டானுக்குப் பதில் ஹைட்ராக்சைடு அயனியைக் கடத்தும் சவ்வை இதே முறையில் அளக்கலாமா?

பதில்: காற்றுப்படாமல் அளக்கணும். கார்பன் டை ஆக்சைடு ஹைட்ராக்சைடை வேகமாகவே பைகார்பனேட்டாக மாற்றும், அது மெதுவாக நகரும் அயனி. நைட்ரஜன் ஓடும் பெட்டியும் கொதிக்கவைத்து வாயு நீக்கிய நீரும் இல்லையென்றால், நீங்கள் அளப்பது பெரும்பாலும் பைகார்பனேட்டைத்தான்.